முப்பிடாதி போட்ட பந்து

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. விடியலில் தூறலும், இறைவணக்க வேளையில் மந்தாரமும், நண்பகலுக்குப் பின் யாரும் எதிர்பாராத சுள்ளென்ற வெயிலுமாக இருந்த அந்நாளில், கரிசலூற்று உயர்நிலைப் பள்ளியின் திடலில், வட்டாரக் கைப்பந்துப் போட்டியின் பெண்கள் இறுதியாட்டத்தில், கடைசிச் சுற்றில், பதினான்குக்குப் பதிமூன்று என்று எங்கள் பள்ளி முந்தி நின்று, கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்த நேரத்தில், ஒன்பதாம் வகுப்பு முப்பிடாதி கண்களை இறுக மூடிக்கொண்டு கீழ்க்கையால் தட்டிய பந்து மேலே சென்றது. சென்ற பந்து இறங்கி வரவில்லை.

அது எங்கேயும் மறைந்துவிடவுமில்லை. வலையைத் தாண்டி, எதிரணியான தெற்குமேட்டுப் பெண்களின் தலைக்கு நேர் மேலே, தலைமையாசிரியையின் அறைக்குப் பின்னாலிருந்த தென்னையின் கொண்டை உயரத்தில், முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்த பிள்ளையைப் போல ஆடாமல் அசையாமல் நின்றது. பன்னிரண்டு பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். திடலைச் சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சுக்குக்காப்பி விற்கும் செல்லையா, ஊற்றிக்கொண்டிருந்த காப்பி வழிந்து வேட்டியை நனைத்த பிறகு, தாமும் அண்ணாந்து பார்த்தார். வலையோரத்து உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்த நடுவர் சங்கரலிங்கம் மட்டும் வாயிலிருந்த ஊதலை எடுத்துத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“பந்து தரையைத் தொடல. கோட்டுக்கு வெளியவும் போகல. அப்போ ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு. யாரும் எடத்தை விட்டு நகரக் கூடாது.”

“எதுவரைக்கும் சார்?” என்று கேட்டாள் எங்கள் அணித்தலைவி செல்வமெர்சி.

“அது வார வரைக்கும். எந்தப் பக்கத்துல ஆறு பேர் இல்லாமப் போகுதோ, அந்தப் பக்கம் தோத்ததா எழுதிருவேன்.”

இந்த இடத்தில் எங்கள் பள்ளியின் மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடற்கல்விப் பாடவேளை என்பது அட்டவணையில் மட்டும் இருப்பது. மணி அடித்ததும் கணக்காசிரியர் கோமதிநாயகம் சாக்பீஸ் பெட்டியோடு வகுப்பு வாயிலில் வந்து நின்று, “இன்னைக்கு ஒருநாள் மட்டும் தாங்க திரவியம், வட்டத்தை முடிச்சிருதேன்” என்பார். உடற்கல்வி ஆசிரியர் ஞானதிரவியம் மறுக்கத் தெரியாமல் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். வட்டம் முடிந்தால் கூம்பு வரும், கூம்பு முடிந்தால் உருளை வரும், உருளை முடிந்தால் ஆண்டே முடிந்துவிடும். எஞ்சியிருந்தது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை ஒன்றுதான். அதற்கும் அவ்வாண்டு கெடு வைக்கப்பட்டிருந்தது. இம்முறையும் கோப்பையில்லாமல் வந்தால் அந்த வேளை நிரந்தரமாகக் கணக்குக்குப் போகும் என்றும், அணி கலைக்கப்படும் என்றும், வலை கட்டும் இரண்டு கம்பங்களும் மிதிவண்டிக் கொட்டகைக்குத் தூண்களாகும் என்றும் தலைமையாசிரியை இராஜபுஷ்பம் அறிவித்திருந்தார். மிதிவண்டிக் கொட்டகைக்குக் கீற்றுகூட வந்து இறங்கிவிட்டது.

ஞானதிரவியத்துக்கு அந்த ஆறு பேரைத் தவிர ஏழாவது ஆள் இல்லை. ஐவர் விரும்பி வந்தவர்கள். ஆறாவதான முப்பிடாதி, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆள் தேடி அவர் அலைந்தபோது குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரே குற்றத்துக்காகச் சேர்க்கப்பட்டவள். “நீ ஒண்ணும் செய்யாண்டாம்ட்டி. பின்மூலையில சும்மா நில்லு, போதும்” என்று அன்று அவர் சொன்னார்; அவளும் நின்றாள். அவளை நோக்கி வரும் பந்துகளையெல்லாம் “லீவ்! லீவ்!” என்று, அவளை விட்டுவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடிவந்து செல்வமெர்சி எடுத்துக்கொள்வாள். முறை சுற்றி வரும்போது பந்தைப் போடுவது மட்டும் விதிப்படி அவளே செய்ய வேண்டியதாயிற்று. அதை அவள் வழக்கமாக வலையில் போட்டு முடித்துக்கொள்வாள்.

முதல் நாள் மாலை மணி அடித்ததும் சிக்கல் எழுந்தது. நெடுநேரம் வழக்காடியபின், அது பள்ளிக்கூடத்துப் பந்து என்பதால் பள்ளி நேரத்துக்குக் கட்டுப்பட்டது என்று இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டனர். பெண்கள் நின்ற இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் வட்டமிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும், காலை மணி அடித்ததும் அவரவர் வட்டத்தில் வந்து நிற்பதும் வழக்கமாயிற்று. பந்தும் அந்த ஒப்பந்தத்தை ஒருநாளும் மீறவில்லை. நடுவர் சங்கரலிங்கம் மட்டும் இறங்க மறுத்துவிட்டார். “பள்ளி நேரம் மாணவிகளுக்குத்தான். நடுவருக்கு ஏது பள்ளி நேரம்?” என்றார். முடிதிருத்துபவர் ஏணி வைத்து ஏறி அவருக்குச் சவரம் செய்தார். நடுவரின் மனைவி சிவகாமி தூக்குச்சட்டியோடு பேருந்தில் வந்து, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

“பந்து இறங்கலையாம், அதனால இவுகளும் இறங்கலையாம்!” என்று அவர் திடலில் இருந்த பெண்களிடம் முறையிட்டார். “முன்னமே தெரிஞ்சிருந்தா ஒரு நல்ல உயரமான நாக்காலிக்கே கழுத்தை நீட்டியிருப்பேன்.”

ஊர் மெல்லமெல்ல அந்தப் பந்தைத் தன் காரியங்களுக்கு நடுவே சேர்த்துக்கொண்டது. மின்வாரிய லைன்மேன் வந்து பார்த்து, “கம்பியிலயும் இல்ல, கம்பத்துலயும் இல்ல, நமக்குச் சம்பந்தமில்ல” என்று சொல்லி ஒரு சுக்குக்காப்பி குடித்துவிட்டுப் போனார். வழி கேட்டவர்களுக்கு, “பந்துக்குக் கிழக்கே மூணாவது வீடு” என்று சொல்லலானார்கள். ஒருநாள் காகம் ஒன்று பந்தின்மேல் அமர்ந்தபோது, எதிரணியினர் அது தொடுகை என்று வாதிட, நடுவர் விதிநூலை முதலட்டையிலிருந்து கடைசியட்டை வரை படித்து, அதில் காகம் என்ற சொல்லே இல்லையென்று கண்டு, காகம் பார்வையாளரே என்று தீர்ப்பளித்தார். அரையாண்டுத் தேர்வு வந்தது. பன்னிரண்டு மேசைகள் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் போடப்பட்டு, வலைக்கு இருபுறமும் தேர்வு நடந்தது. வலையின் ஓட்டைகள் வழியே விடைகள் போய்வந்தன என்பது தெரிந்தும் நடுவர், அது தம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று கூறிவிட்டார். ஊராட்சித் தலைவர் ‘வெற்றிப் பெற வாழ்த்துகிறோம்’ என்று ஒரு பதாகை கட்டினார். அதிலிருந்த வேண்டாத ஒற்று சுண்ணாம்பால் மறைக்கப்படும் வரை பள்ளியின் தமிழாசிரியர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

பந்து நிற்பது ஒரு தொல்லையாக இல்லை. பெண்களை நிற்கவைப்பதுதான் தொல்லையாக இருந்தது.

முதல் வாரம் அவர்கள் கண்ணிமைக்காமல் நின்றார்கள். பிறகு ஒருத்திக்குக் கால் வலித்தது. ஒருத்தி வட்டத்துக்குள் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினாள். ஒருத்தி எதிரணிப் பெண்ணிடம் பின்னல் ஊசியும் நூலும் வாங்கி மேசைவிரிப்பு பின்னத் தொடங்கினாள். ஆறில் ஒன்று குறைந்தால் கோப்பையும் போயிற்று, கடைசிப் பாடவேளையும் போயிற்று, அணியும் போயிற்று என்பதை அறிந்த ஞானதிரவியம் உறக்கமிழந்தார். கணக்காசிரியரோ நாள்தோறும் சாக்பீஸ் பெட்டியோடு திடலோரம் வந்து, “எத்தனை பேர் இருக்காக திரவியம்?” என்று நலம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போனார்.

முதலில் கண்டிப்பைக் கையாண்டார் ஞானதிரவியம். சோர்ந்து நின்றவர்களைத் தவளைக்குதி குதிக்கச் சொன்னார். பந்து ஒரு பனையளவு மேலே போயிற்று. அடுத்து ஆளுக்கோர் அவித்த முட்டை கொடுத்தார், முட்டையின் புதுமை இருந்தவரை பந்து நின்ற இடத்தில் நின்றது, “நாளைக்கும் முட்டைதானா சார்?” என்று ஒருத்தி கேட்டதும் அது மீண்டும் ஏறியது. பிறகு, முதுகில் ‘அணித்தலைவி’ என்று பொறித்த மஞ்சள் சட்டைகள் தைத்து எல்லாரையும் தலைவிகளாக்கிவிட எண்ணினார். துணி ஐந்து சட்டைகளுக்குத்தான் வந்தது. “மூலையில நிக்கவளுக்கு எதுக்கு சார்?” என்று தையற்காரர் கேட்டதை அவர் மறுக்கவில்லை. முப்பிடாதி தன் பழைய பச்சைத் தாவணியிலேயே நின்றாள். மற்ற ஐந்து தலைவிகளும் ஒருவருக்கொருவர் கட்டளையிட்டுச் சண்டை பிடித்தார்கள். பந்து தேங்காயளவிலிருந்து எலுமிச்சையளவாகத் தெரிந்தது.

இறுதியாகத் தலைமையாசிரியை, நகரத்திலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்தார். கழுத்துப்பட்டி அணிந்த அந்தப் பெரியவர், ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சிங்கம் உறங்குகிறது என்றும், அதை எழுப்புவதற்கு ஏழு படிகள் உள்ளன என்றும் தொடங்கினார். முதற்படியில் பந்து நெல்லிக்காயளவாயிற்று. மூன்றாம் படியில் எல்லாரையும் சிங்கத்தைப்போல் கர்ச்சிக்கச் சொன்னார். எங்கள் பெண்கள் கர்ச்சித்தார்கள், மரியாதைக்காகத் தெற்குமேட்டுப் பெண்களும் கர்ச்சித்தார்கள், அவிழ்த்து விட்டிருந்த ஆடுகள் திடலை விட்டு ஓடின. பந்து கடுகளவாகி மேகத்தைத் தொட்டது.

“ஐயா, போதும்!” என்று நடுவர் நாற்காலியிலிருந்து கைகூப்பினார். “மிச்ச நாலு படியையும் நீங்க ஏறுனீகன்னா அப்புறம் அது சந்திரனைச் சுத்தும். நான் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கணும்.”

அவ்வாறாகப் பொங்கலும் வந்து போயிற்று.

பொங்கலை அடுத்த வாரத்தில், மந்தமான ஒரு காலைப்பொழுதில், முப்பிடாதியின் தந்தை சுடலைமுத்து தம் மிதிவண்டியின் பின்னிருக்கையில் பித்தளைக் குடத்தையும் பட்டுப் பாவாடை வைத்த தாம்பாளத்தையும் கட்டிக்கொண்டு திடலுக்கு வந்தார். அவருடைய தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். மூத்த மகள் தாம்பாளம் தூக்காமல் எந்தத் தாய்மாமனும் தங்கை வீட்டு வாசற்படி ஏற முடியாது. முப்பிடாதி வட்டத்தை விட்டு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தாள்.

“சார், நான் போயிட்டு வாரேன்.”

ஞானதிரவியம் ஓடிவந்து அந்தக் காலின் முன்னே நின்றார். “எங்கட்டி போற? நீ போனா அஞ்சு பேரு. அஞ்சு பேருன்னா தோல்வி. கடைசிப் பீரியடு கணக்குக்குப் போயிரும். கம்பம் கொட்டகைக்குப் போயிரும்.”

“எனக்கு என்ன சார்? எனக்குக் கணக்கும் ஒண்ணுதான், வாலிபாலும் ஒண்ணுதான். ரெண்டுலயும் நான் மூலையிலதான இருக்கேன்.”

திடலோரத்தில் நின்ற கணக்காசிரியர் தம் சாக்பீஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

“அப்படிச் சொல்லாதட்டி. உன்னைய ஓடச் சொன்னமா, குதிக்கச் சொன்னமா? ஒண்ணும் செய்யாண்டாம். இத்தனை நாளு நின்ன மாதிரி சும்மா நில்லு, போதும்.”

அவர் வாய் மூடுவதற்குள், கடுகளவாகத் தெரிந்த பந்து விருட்டென்று எழும்பிக் கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. நடுவரின் நாற்காலி ஆடியது. இரண்டு அணியினரும் ‘ஐயோ’ என்றனர்.

முப்பிடாதி மேலே பார்க்கவில்லை. ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “பாத்தீகளா? அதுக்கே கோவம் வருது. மூணு வருசமா இதைத்தான சொல்லுதீக. சும்மா நில்லு, சும்மா நில்லு. நானும் நின்னேன். என் கையில இருந்து போனதும் சும்மா நிக்கு. அதைய இறக்கணும்னு முட்டை குடுத்தீக, சட்டை குடுத்தீக, சிங்கத்தைக் கூட்டியாந்தீக. போட்டவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”

சுடலைமுத்து மிதிவண்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு முன்னே வந்தார். “சார், எங்க வீட்ல இவ ஒரு நிமிசம் சும்மா நிக்க மாட்டா. கெடாய் கயித்தை அத்துக்கிட்டு ஓடுனா இவதான் மடக்குவா. இங்க வந்து இப்படி நிக்கான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

ஞானதிரவியம் தம் பந்தில்லாத அக்குளைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்: “சரிட்டி. நீ சொல்லு. என்ன செய்யணும்?”

“எனக்கு வார பந்தை எனக்கு விடச் சொல்லுங்க.”

“ஏளா, அது எப்படி?” என்று செல்வமெர்சி வெடித்தாள். “பதினாலு பதிமூணுளா! அவ தொட்ட பந்து இது ஒண்ணைத் தவிர என்னைக்காவது வலையைத் தாண்டியிருக்கா? சார், இவ்வளவு நாள் நின்னுட்டு இவ கையில குடுத்துத் தோக்கணுமா? கோமதிநாயகம் சார் பெட்டியோட நிக்காக, பாருங்க!”

அவள் சொன்னதில் பிழையொன்றுமில்லை. முப்பிடாதியின் கைக்குப் போன பந்து அதுவரை ஒருமுறைகூட ஒழுங்காகத் திரும்பியதில்லை என்பதும், திரும்பாவிட்டால் புள்ளிகள் சமமாகி எல்லாம் கைநழுவக்கூடும் என்பதும் ஞானதிரவியத்துக்குத் தெரிந்திருந்தன. அவர் கம்பங்களைப் பார்த்தார்; கீற்றுக் குவியலைப் பார்த்தார்; பச்சைத் தாவணியைப் பார்த்தார்.

“முப்பிடாதிக்கு வந்தா முப்பிடாதிதான் எடுப்பா,” என்றார். “தோத்தாலும் அவதான் எடுக்கணும். மெர்சி, நீ குறுக்க ஓடுனே, நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

முப்பிடாதி காலை எடுத்து மீண்டும் வட்டத்துக்குள் வைத்தாள். “அப்பா, ஒரு பத்து நிமிசம் நில்லுங்க” என்றாள்.

மேகத்திலிருந்து கடுகு தெரிந்தது. கடுகு நெல்லிக்காயாயிற்று, நெல்லிக்காய் எலுமிச்சையாயிற்று, எலுமிச்சை தேங்காயாயிற்று. அழைப்பில்லாத வீட்டுக்கு வந்துவிட்டு வாசலில் தயங்கும் விருந்தாளியைப்போல் தென்னையின் உயரத்தில் சற்றுத் தயங்கிப் பின் விறுவிறுவென்று இறங்கி வந்த அந்தப் பந்தைத் தெற்குமேட்டுப் பெண்கள், மரத்துப்போன கால்களை உதறிக்கொண்டு வாங்கினார்கள். ஒருத்தி எடுத்தாள், ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள், அவர்களுடைய தலைவி வெயிலாச்சி, இத்தனை நாள் எதிரில் நின்று எந்த மூலை இளைத்த மூலை என்பதை மனப்பாடம் செய்திருந்தவள், அந்த மூலையைப் பார்த்தே அடித்தாள்.

பழக்கம் பொல்லாதது. செல்வமெர்சியின் கால்கள் தாமாகவே கிளம்பின. ‘லீ’ என்று வாயும் திறந்தது. கால்களை நிறுத்த வேறு வழி தெரியாமல் அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தன் முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “முப்பிடாதி! உனக்குட்டீ!”

முப்பிடாதி இம்முறை கண்களை மூடவில்லை. ஓடுகிற கிடாயை மடக்குபவளைப்போல் தாவணியை இழுத்துச் செருகி, தாழ்ந்து, இரண்டு கைகளையும் கோத்து நீட்டினாள். பந்து பட்டது, எழுந்தது, வலைக்கு மேலே, கம்பத்துக்கு மேலே, உயர, உயரப் போயிற்று.

அப்போதுதான் அது நடந்தது. பன்னிரண்டு பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஊரும் அண்ணாந்து பார்த்தது. பிறகு, “சரி, போயிட்டு” என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கலானார்கள். செல்லையா காப்பி ஊற்றத் தொடங்கினார். பின்னல்காரி ஊசியை எடுத்தாள். நடுவர் விதிநூலுக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு கால்களை நீட்டினார். வெயிலாச்சி தன் வட்டத்துக்குள் சம்மணமிட்டு அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, “இன்னைக்கும் புளிச்சோறுதானா?” என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு முழத் தொலைவில், எந்த அவசரமுமில்லாமல், எல்லாப் பந்துகளும் விழுவதைப்போல் அந்தப் பந்து தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, உருண்டு, சட்டியின் மூடியில் முட்டி நின்றது.

யாரும் அசையவில்லை.

“விழுந்துட்டு,” என்றாள் முப்பிடாதி.

நடுவர் ஊதலைத் தேடினார். அது முந்தின நாள் காலிச் சட்டியோடு வீட்டுக்குப் போயிருந்தது. எனவே அவர் எழுந்து நின்று, இரண்டு விரல்களை வாயில் வைத்து, மாடு மேய்ப்பவரைப்போல் ஒரு சீழ்க்கை அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தார்.

பதினைந்துக்குப் பதிமூன்று என்ற கணக்கில் கரிசலூற்று வென்றது. கோப்பை, ஒரு சாண் உயரம் இருந்தது. முப்பிடாதி அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. மிதிவண்டியின் முன்கம்பியில் ஏறி அமர்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் பந்தி போடுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். சங்கரலிங்கத்துக்கு இறங்கும் பழக்கம் விட்டுப்போனதால், அவரை நாற்காலியோடு சேர்த்துச் சிற்றுந்தில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். கீழே அமர்ந்தால் எதுவும் சரியாகத் தெரிவதில்லை என்று அவர் சிலகாலம் குறைபட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோமதிநாயகம் பழக்கத்தினால் பெட்டியோடு வந்து நின்று, வகுப்பில் யாருமில்லாததைக் கண்டு, திடலுக்குப் போய்ப் புள்ளிக்கணக்கு எழுதித் தரத் தொடங்கினார். அதை அவர் ஓய்வு பெறும்வரை செய்தார். மாவட்டப் போட்டியில் எங்கள் அணி முதற்சுற்றிலேயே பதினைந்துக்கு இரண்டு, பதினைந்துக்கு ஒன்று என்று தோற்றது. அடுத்த ஆண்டு அணியில் சேர இடம் போதாத அளவுக்குப் பெண்கள் வந்தார்கள். ஞானதிரவியம் அவர்களில் யாரையும் எங்கேயும் சும்மா நிற்கச் சொல்லவில்லை. கீற்றெல்லாம் கறையானுக்குப் போயிற்று. மிதிவண்டிகள் வெயிலிலேயே நின்றன. முப்பிடாதி கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிப் பத்தாம் வகுப்பில் தேறினாள்.

அந்தப் பந்தைத் தையல் பிரியும் வரை வைத்து ஆடினார்கள். எத்தனையோ பேர் அதை மேலே தட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அது இறங்கி வந்தது. இறங்கும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லி யாரோ ஒருத்தி கத்தினாள்.